பயணப் பெட்டியிலே கத்தியும் கருவியும்

பள்ளிக்கூடங்கள் கோடை விடுமுறைக்கு மூடப்படும் நாள் நெருங்கிவிட்டால், மட்டாஞ்சேரியில் வாழும் தமிழர் இல்லங்களிலே பெட்டி கட்டும் வேலை தொடங்கிவிடுகின்றது. நெல்லைச் சீமைக்குப் போவோர் பாலருவி வண்டியில் செங்கோட்டை, தென்காசி வழியாகச் செல்கின்றனர். திருச்சி, தஞ்சைப் பக்கத்தார் காரைக்கால் வண்டியை நாடுகின்றனர். பிள்ளைகள் அயல்நாடுகளில் உத்தியோகம் பார்க்கும் குடும்பத்தினர் நெடும்பாசேரி விமான நிலையத்துக்கு வண்டி பேசுகின்றனர். எத்திசை போவோராயினும், புளியோதரைப் பொட்டலம், தண்ணீர்ப் பாத்திரம், குழந்தைகளின் துணிமணி என்று ஒவ்வொன்றையும் எண்ணி வைக்கின்றனர். ஆனால் கத்தி, கத்தரி, குறடு, திருப்புளி முதலிய கருவிகளைப் பற்றி மட்டும் முன்கூட்டிச் சிந்திப்பார் மிகச் சிலரே. கடைசி நேரத்தில் கையில் அகப்பட்டதைச் செருகிக்கொண்டு புறப்பட்டுவிடுகின்றோம்.

வழிப்பயணத்தில் இரும்பு துணை வரவேண்டும் என்பது நம்மவரின் பழைய எண்ணம். கைப்பிள்ளையோடு இரவில் வழி நடப்பவள் மடியில் ஓர் இரும்புத் துண்டை முடிந்துகொள்வாள். கறிச்சோறு கொண்டு போகும் தூக்குச் சட்டியின் மேல் ஓர் ஆணியை வைப்பார்கள். பேய் அண்டாது என்பது அவர்கள் கருத்து. பேயை நம்பாதவர்க்கும் ஒரு சிறு கத்தி வழியிலே எத்தனையோ விதத்தில் பயன்படும் என்பதை மறுக்க இயலாது. மாம்பழம் நறுக்க, கட்டிய கயிற்றை அறுக்க, மருந்துப் பட்டையைப் பிரிக்க, அறுந்த செருப்பு வாருக்குத் துளையிட என அதன் வேலைகள் பல. ஆயினும் எந்தக் கத்தி, எந்த வண்டியில், எந்தப் பெட்டியில் என்பதை அறியாமல் எடுத்துச் சென்றால், துணையாக வந்ததே தொல்லையாக முடியும். நம் இல்லத்திலேயே நிகழ்ந்த ஒன்றை ஈண்டுக் கூறுவது பொருத்தமாகும்.

ஆச்சியின் பாக்குவெட்டி

சில ஆண்டுகளுக்கு முன், கொள்ளுப் பேரனைப் பார்ப்பதற்காக நம் ஆச்சியை ஆகாய விமானத்தில் அழைத்துச் சென்றோம். ஆச்சிக்கு அதுவே முதல் விமானப் பயணம். பெரிய பெட்டிகளை எடை போட்டு வாங்கிக்கொண்டு உள்ளே அனுப்பிவிட்டார்கள். வழியனுப்ப வந்த உறவினரும் விடைபெற்றுச் சென்றுவிட்டனர். பின்னர்ச் சோதனை நடக்கும் இடத்தில், ஆச்சி இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையைத் தட்டில் வைக்கச் சொன்னார்கள். வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு டப்பி இவற்றோடு ஒரு பாக்குவெட்டியும் அதில் இருந்தது. திருமணத்தின்போது ஊர்க் கொல்லர் அடித்துக் கொடுத்தது அது. அறுபது ஆண்டுகளாக அவர் கையைவிட்டு அகலாதது.

“இது பாக்கு வெட்டுகிறது, தாயி. ஆளை வெட்டாது” என்றார் ஆச்சி. சோதனை செய்த பெண்மணி மரியாதையாகவே பேசினார். ஆயினும் விதி விதிதான் என்றார். பெட்டி முன்பே போய்விட்டது. வாயிலில் வாங்கிக்கொள்ள ஆளும் இல்லை. பாக்குவெட்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போவதைத் தவிர வேறு வழி தோன்றவில்லை. திரும்பி வந்தபின் விசாரித்தோம்; கிடைக்கவில்லை. ஆச்சி நம்மை ஒரு சொல்லும் கடிந்து கூறவில்லை. ஆனால் இன்றும் கடையில் வாங்கிய சீவலை வாயில் போடும்போதெல்லாம், “அது இருந்தால் மெல்லிதாக வெட்டலாம்” என்கின்றார்.

குற்றம் சோதனை செய்தவருடையதன்று. பெட்டி கட்டிய நம்முடையதே. பெரிய பெட்டியில் அதைத் துணியில் சுற்றி வைத்திருந்தால் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கும். அரை நிமிட வேலை அது. அந்த அரை நிமிடத்தை நம் அன்பர்கள் எவரும் தவற விடலாகாது என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எத்தகைய கத்தி வேண்டும்?

பயணத்துக்குக் கத்தி தேர்வு செய்வோர் முதலில் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, “எதற்காக?” என்பது. பழம் நறுக்கவும் கயிறு அறுக்கவும் என்றால், மூன்று விரற்கடை நீளமுள்ள அலகு போதுமானது. கத்தி பெரிதாகப் பெரிதாகப் பயன் பெருகுவதில்லை. ஐயமும் ஆபத்தும் பெருகுகின்றன.

உலகெங்கும் பெயர் பெற்ற பயணக் கத்திகளின் வரலாறும் இதையே காட்டுகின்றது. சுவிட்சர்லாந்து நாட்டு இராணுவம் தன் வீரர்களுக்கு ஒரு மடக்குக் கத்தி வேண்டுமென்று கருதியபோது, அதைக் கொண்டு போர் புரிய எண்ணவில்லை. துப்பாக்கியின் திருகுகளைக் கழற்றவும், தகர டப்பாவில் வரும் உணவைத் திறக்கவுமே அது தேவைப்பட்டது. ஆதலின் ஓர் அலகு, ஒரு துளையூசி, ஒரு டப்பா திறப்பான், ஒரு திருப்புளி என்னும் நான்கும் அதில் அமைந்தன. 1891ஆம் ஆண்டில் அது வழக்கத்துக்கு வந்தது. கார்ல் எல்சனர் என்னும் கொல்லர் அதை மேலும் இலேசாக்கி, 1897இல் அதிகாரிகளுக்கான கத்தி ஒன்றைப் பதிவு செய்தார். இன்று விக்டோரினாக்ஸ் என்று வழங்கும் கத்திகளுக்கு அதுவே மூதாதை.

பிரெஞ்சு நாட்டின் சவோய் மலைப் பகுதியில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890இல் உழவர்க்கென ஒரு மடக்குக் கத்தி செய்தார். மரப்பிடியும் ஒரே அலகுமாக அமைந்த எளிய பொருள் அது. மடக்குக் கத்தியைப் பயன்படுத்தும்போது அலகு திடீரென மடங்கி விரலை அறுப்பதுண்டு. அதைத் தடுக்க 1955இல் அக்கத்தியின் கழுத்தில் ஒரு வளையத்தைப் பொருத்தினார்கள். வளையத்தைத் திருகினால் அலகு அசையாது. நம் கடைகளில் கிடைக்கும் சாதாரணப் பேனாக் கத்திகளில் இத்தகைய தாழ் பெரும்பாலும் இல்லை. ஆகவே அவற்றால் தேங்காய்ச் சிரட்டை, கொட்டைப் பாக்கு போன்ற கடினப் பொருள்களைக் குத்துதல் கூடாது.

அலகின் உலோகமும் கவனிக்கத் தக்கது. மட்டாஞ்சேரியின் காற்றில் உப்பும் ஈரமும் மிகுதி என்பதை யாவரும் அறிவோம். கொல்லர் அடித்த இரும்புக் கத்தி எளிதில் கூர் ஏறும். ஆனால் ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்துவிடும். 1913இல் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் ஹாரி பிரேர்லி உருவாக்கிய துருப்பிடிக்காத எஃகில் குரோமியம் கலந்துள்ளது. அத்தகைய எஃகில் இக்கலப்பு நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்குக் குறைவதில்லை. அதுவே மேற்பரப்பில் மெல்லிய படலமாக நின்று துருவைத் தடுக்கின்றது. பயணத்துக்கு இவ்வகை எஃகே ஏற்றது. இரும்புக் கத்தியையே விரும்புவோர், துடைத்து உலர்த்தித் தேங்காய் எண்ணெய் தடவி வைத்தல் வேண்டும்.

சட்டம் கூறுவது

கத்தி வைத்திருப்பதெல்லாம் குற்றமோ என்று சிலர் அஞ்சுகின்றனர். அவ்வாறன்று. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், அதன்கீழ் 2016இல் வகுக்கப்பெற்ற விதிகளும் நடைமுறையில் உள்ளன. அவ்விதிகளின் அட்டவணை, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுடைய கத்திகளை ஆயுதம் என்னும் கணக்கில் சேர்க்கின்றது. வீட்டு வேலைக்கும், உழவுக்கும், விஞ்ஞானத்துக்கும், தொழிலுக்கும் எனச் செய்யப்பட்டவை இதற்கு விலக்கு. ஆதலின் காய்கறி அரியும் கத்தியும் கொத்தனாரின் கரணையும் ஆயுதங்களாகா. ஆனால் எக்கருவியும் எதற்காக, எங்கே, எவ்வாறு கொண்டு செல்லப்படுகின்றது என்பதைப் பொறுத்தே கேள்வி எழும். சாக்கில் சுற்றிப் பெட்டியின் அடியில் கிடக்கும் அரிவாள் உழவுக் கருவி. அதையே வெறுங்கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நின்றால், காவலர் கேளாமல் விடுவரோ?

எல்லை மாறினால் சட்டமும் மாறும் என்பதற்கு நம் ஊரே ஒரு பழைய சான்று. 1854இல் ஆங்கிலேயர், மலபார் மாவட்டத்தில் போர்க்கத்தி வைத்திருப்பதைத் தடுத்து ஒரு சட்டம் இயற்றினர். அந்நாளில் கோட்டைக் கொச்சி மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதை ஒட்டியுள்ள மட்டாஞ்சேரியோ கொச்சி மன்னரின் நாடு. அரை மணி நேரம் நடந்தால் ஓர் அரசின் சட்டத்திலிருந்து மற்றோர் அரசின் சட்டத்துக்குப் போய்விடலாம். இன்று நாம் கடக்கும் எல்லைகள் அதனினும் மிகப் பெரியவை. பிரிட்டனில், தாழில்லாத மடக்குக் கத்தியாக இருந்து, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படாவிட்டால்தான் காரணம் கூறாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம். நாம் பாதுகாப்பு என்று புகழ்ந்த தாழே அங்கே குற்றமாகக்கூடும். ஆகவே போகும் நாட்டின் விதியை அங்குள்ள உறவினரிடம் கேட்டறிந்த பின்னரே பெட்டி கட்டுக.

இரயில் வண்டியில்

இரயிலில் போகும் குடும்பத்துக்குப் பின்வருவன போதும் என்பது நம் அனுபவம்: மூன்று விரற்கடை அலகுள்ள ஒரு மடக்குக் கத்தி, முனை மழுங்கிய ஒரு சிறு கத்தரி, ஒரு நகவெட்டி, ஊக்குகள் நாலைந்து, ஒரு சிறு திருப்புளி, கோணி ஊசி ஒன்று, சணல் நூல் ஒரு கண்டு. கோணி ஊசியைக் கண்டு நகைக்க வேண்டா. மிளகுச் சாக்கும் சுக்குச் சாக்கும் தைக்கும் ஊரில் வாழும் நமக்கு அதன் அருமை தெரியாததன்று. பையின் காது அறுந்தாலும், மூட்டை வாய் பிரிந்தாலும், அந்த ஊசி இரண்டு நிமிடத்தில் மானத்தைக் காக்கும். வேறெந்த நவீனக் கருவியும் அதற்கு ஈடாகாது.

ஊரிலிருந்து திரும்பும்போதுதான் கவனம் மிகுதியும் வேண்டும். சிவகங்கைச் சீமைக்குப் போனவர் திருப்பாச்சேத்தி அரிவாள் ஒன்றை வாங்காமல் வருவதில்லை. இங்குள்ள வாக்கத்தி தேங்காய் வெட்டப் போதும் என்று எத்தனை முறை கூறினாலும், ஊர் இரும்பின்மீது உள்ள பற்று விடுவதில்லை. பெண்மக்களோ அரிவாள்மனையை விரும்பிக் கொண்டு வருகின்றனர். கொண்டு வருக, தவறில்லை. ஆனால் சாணை பிடிக்காமல் வாங்குக. விளிம்பின்மேல் தடித்த அட்டையை மடித்துக் கட்டி, அதன்மேல் சாக்கைச் சுற்றித் தைத்து, பெட்டியின் அடியில் வைக்க. கடைச் சீட்டையும் உடன் வைத்துக்கொள்க. சாணையை இங்கு வந்து பிடித்துக்கொள்ளலாம். கூட்ட நெரிசலில் இருக்கைக்கு அடியிலிருந்து மூட்டையை இழுக்கும் பிள்ளையின் கை அறுபட்டால், பாதி வழியில் மருத்துவரை எங்கே தேடுவது?

தொழிலாளர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். வர்ணம் பூசுவோரின் கரைப்பான் எண்ணெய், பற்றவைப்போரின் வாயு உருளை, மண்ணெண்ணெய், அடுப்பு ஆகியவற்றை வண்டியில் ஏற்றலாகாது. 1989ஆம் ஆண்டின் இரயில்வேச் சட்டம், இத்தகைய ஆபத்தான பொருள்களைக் கொண்டு செல்வோர்க்கு மூன்றாண்டு வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கின்றது. கருவி போகலாம், அதன் எரிபொருள் போகலாகாது.

ஆகாய விமானத்தில்

விமானத்தில் கைப்பை வேறு, கீழே ஏற்றப்படும் பெட்டி வேறு. கத்தி, கத்தரி, பாக்குவெட்டி, சவரக் கத்தி, திருப்புளி, சுத்தியல், உளி ஆகிய அனைத்தையும் எடை போட்டுக் கொடுக்கும் பெட்டியில் வைத்துவிடுவதே அறிவுடைமை. கைப்பையில் கத்தி கூடாது. சீக்கிய அன்பர்கள் தம் சமய நெறிப்படி அணியும் கிர்பானுக்கு மட்டும் உள்நாட்டு விமானங்களில் விலக்கு உண்டு. அதற்கும் அலகு 6 அங்குலம், மொத்த நீளம் 9 அங்குலம் என்னும் அளவு 2022இல் வகுக்கப்பெற்றுள்ளது.

இவ்வளவு கண்டிப்பு எப்போதும் இருந்ததில்லை. அமெரிக்க விமானங்களில் முன்பு 4 அங்குலத்துக்குக் குறைந்த அலகுள்ள கத்தியைக் கையோடு வைத்திருக்க விட்டிருந்தனர். 2001 செப்டம்பர் 11ஆம் நாள் சிறு கத்திகளைக் கொண்டே விமானங்கள் கடத்தப்பட்டபின் அந்நிலை அடியோடு மாறியது. 2013இல் 6 செண்டிமீட்டர் வரை அனுமதிக்கலாம் என்று அங்குள்ள அதிகாரிகள் முன்வந்தனர். விமானப் பணியாளர்கள் எதிர்க்கவே, அந்த யோசனை கைவிடப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 6 செண்டிமீட்டருக்கு மேற்பட்ட அலகைத்தான் தடுக்கின்றது. ஆயினும் அதை நம்பி இங்கிருந்து புறப்படலாகாது. நடுவழியில் வேறு விமானத்துக்கு மாறும் இடத்திலும் சோதனை நடைபெறும். வழியிலுள்ள விதிகளில் எது மிகக் கடுமையானதோ, அதுவே நம் பயணம் முழுமைக்கும் விதி என்று கொள்க.

மின்கலத்தால் ஓடும் துளையிடும் கருவிகளை எடுத்துச் செல்லும் தச்சர்களும் மின் பணியாளரும் வேறொரு சிக்கலை எதிர்கொள்கின்றனர். கருவி கீழ்ப் பெட்டியில் போக வேண்டும். உதிரியாக உள்ள லித்தியம் மின்கலமோ கீழே போகலாகாது, கைப்பையில்தான் வரவேண்டும். கீழறையில் அது தீப்பற்றினால் அணைப்பாரில்லை என்பதே காரணம். அளவுக்கும் வரம்பு உண்டு. 100 வாட்-மணி வரை தனி அனுமதி வேண்டுவதில்லை. அதற்கு மேல் 160 வரை விமானக் கம்பெனியின் அனுமதியோடு இரண்டு மின்கலங்கள் கொண்டு செல்லலாம். கணக்கு எளிதே: மின்கலத்தின்மேல் உள்ள வோல்ட் எண்ணை ஆம்பியர்-மணி எண்ணால் பெருக்குக. 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி என்றால் 90, அனுமதி வேண்டா. 18 வோல்ட், 6 ஆம்பியர்-மணி என்றால் 108; முன்கூட்டியே கேட்டுப் பெறுதல் வேண்டும். முனைகளின்மேல் ஒட்டுநாடா ஒட்டுவதையும் மறக்கலாகாது.

தொழிலாளியின் பை

நம் சங்கத்து அன்பர்களில் தச்சரும், கொத்தனாரும், தையற்காரரும், பொற்கொல்லரும், சலவைத் தொழிலாளரும் பலர். வேலை தேடி வேற்றூர் போகும் அவர்களுக்குக் கருவிப் பையே முதலீடு. கத்தரி இல்லாத தையற்காரரும் இழைப்புளி இல்லாத தச்சரும் புதிய ஊரில் முதல் நாள் கூலியை இழப்பர். மீண்டும் வாங்குவதற்கோ பல நாட் கூலியைக் கொடுக்க நேரும்.

ஆகவே எல்லாவற்றையும் சுமந்து செல்லாமல், இரு பங்காகப் பிரித்துக்கொள்க. கைக்குப் பழகியவை ஒரு பங்கு. உளி, கத்தரி, கரணை, குறடு ஆகியவை இதில் சேரும். இவற்றை எப்படியும் உடன் கொண்டு போகவேண்டும். எந்த ஊரிலும் கடையில் கிடைப்பவை மற்றொரு பங்கு. ஆணி, சாதாரணச் சுத்தியல், அளவு நாடா போன்ற இவற்றை அங்கே வாங்கிக்கொள்ளலாம். கருவிகளின் பட்டியலை எழுதி, ஒரு படியைப் பெட்டிக்குள்ளும் மற்றொன்றை வீட்டிலும் வைக்க. ஒவ்வொன்றின் பிடியிலும் பெயரின் முதலெழுத்தைச் செதுக்குக. விலையுயர்ந்தவற்றைப் படம் பிடித்து வைத்தால், பெட்டி தவறிப்போனாலும் உரிமை கோர அது உதவும். கூரிய முனைகளுக்குத் தோலுறையோ பழைய இரப்பர்க் குழாயோ இட்டு வைத்தால், பெட்டியைத் திறந்து பார்க்கும் சோதனையாளரின் கையும் காக்கப்படும்.

புறப்படுமுன்

ஆயுத பூசையன்று நாம் கருவிகளைத் துடைத்துப் பொட்டிட்டு வணங்குகின்றோம். ஆண்டில் ஒரு நாள் செய்யும் அந்த மரியாதையைப் பயணம் புறப்படும் நாளிலும் சிறிது செய்தல் வேண்டும். வீட்டைப் பூட்டுமுன் கைப்பை, சட்டைப் பை, சுருக்குப் பை ஆகிய மூன்றையும் ஒரு முறை கொட்டிப் பாருங்கள். இளையவர் பையை மட்டும் பார்த்துவிட்டு நில்லாதீர்கள். நம் வீட்டு மூத்தோர் தம்முடைய பொருள்களைப் பற்றிக் கேளாமல் எதுவும் கூறமாட்டார். ஆகவே அவர்களிடம் பொறுமையாகக் கேளுங்கள். விமானத்தில் போவதாயின், வழியனுப்ப வந்தவர், “சோதனை முடிந்தது” என்னும் செய்தி வரும்வரை வாயிலை விட்டு அகலாதிருக்கட்டும். தவறி வந்த பொருளைத் திருப்பிக் கொடுக்க ஒரு கை வெளியே இருந்தால் போதும்.

ஆச்சிக்குச் சென்ற ஆண்டு புதிய பாக்குவெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். கொட்டைப் பாக்கு ஒன்றை வெட்டிப் பார்த்தார். “பரவாயில்லை” என்று கூறிச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டார். அடுத்த பயணத்தில் அது பெரிய பெட்டியில், துணியில் சுற்றி, நம் கையாலேயே வைக்கப்படும். நேயர்களும் தத்தம் இல்லத்தில் அவ்வாறே செய்து, கொண்டு போன கருவிகள் அனைத்தோடும் நலமே திரும்பி வருவார்களாக.